திரும்பி வரும் பாத்திரம்

பாய்க்கப்பல் கரையை விட்டுப் புறப்படுமுன் பாயும் கயிறும் பார்க்கப்படும்; சுக்கானும் நங்கூரமும் சரிபார்க்கப்படும். இவற்றோடு குடிநீரும் அளக்கப்படும். இத்தனை பேர், இத்தனை நாள், ஆளொன்றுக்கு இத்தனை அளவு என்று கணக்கிட்டு நீரை ஏற்றிய பின்னரே கப்பல் நகரும். கடலோடி வாழ்ந்த மக்கள் யாவரிடத்தும் இவ்வழக்கம் இருந்தது. நீரின் கணக்கோடு பாத்திரத்தின் கணக்கும் சேர்ந்தே இருந்தது. நீரைச் சுமக்கும் கலம் உடையக்கூடாது, நீரைக் கெடுக்கக்கூடாது, தன் பாரத்தினாற் கப்பலின் இடத்தை விழுங்கக்கூடாது, அடுத்த துறையில் மீண்டும் நிரப்பத் தக்கதாய் இருக்கவேண்டும். இக்காலத்தில் மண்குடம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் ஆகியவற்றுள் எது இயற்கைக்குக் குறைந்த கேட்டை விளைவிக்கும் என்று அறிஞர் ஆராய்கின்றனர். அவ்வாராய்ச்சியின் வேர் கடலோடியின் அந்தப் பழைய கணக்கிலேயே இருக்கிறது எனலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், பருத்தித்துறைக்கு மேற்கே, தொண்டைமானாற்றுக்குக் கிழக்கே அமைந்த வல்வெட்டித்துறை இக்கணக்கில் நன்கு பழகிய ஊர். கப்பல் கட்டுவதும் கப்பல் ஓட்டுவதும் அவ்வூரின் தொழிலாயிருந்தன. நாகபட்டினம் முதலிய தமிழகத் துறைகளுக்கும், வங்காள விரிகுடாவைக் கடந்து பர்மாவின் அக்கியாப், இரங்கூன் ஆகிய துறைகளுக்கும் அவ்வூர்க் கப்பல்கள் சென்றன. அரிசியும் மரமும் ஓடும் ஏற்றி அவை திரும்பின. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இயந்திரக் கப்பல்களின் போட்டியாலும் நாடுகளுக்கிடையே எழுந்த கட்டுப்பாடுகளாலும் அவ்வாணிகம் மங்கியது. ஆயினும் அதன் புகழ் மங்கவில்லை. 1930ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கி, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செங்கடல், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் ஆகியவற்றினூடாகச் செலுத்தி, 1938 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறையிற் சேர்த்தனர். அத்தகைய நெடும் பயணத்தில் வழியிலுள்ள ஒவ்வொரு துறையும் குடிநீர்க் கலங்களை மீண்டும் நிரப்பிக்கொள்ளும் இடமாகும். வெறுங்கலத்தைக் கடலில் எறிந்துவிட்டு மேற்செல்லும் வழக்கம் பாய்க்கப்பலில் இருந்திருக்க முடியாது. எறிந்தால் அடுத்த துறையில் நீரை ஏற்றுவதற்குக் கலம் இராது.

மேனாட்டுக் கப்பல்களிலும் இதே கதைதான். நூற்றாண்டுகளாக அவை மரப்பீப்பாய்களையே நம்பியிருந்தன. மரத்தில் நீர் நாட்பட நிற்கும்போது பாசி படர்ந்து நாற்றம் எடுக்கும்; உருண்டையான பீப்பாய்களுக்கு இடையே இடமும் வீணாகும். 1808ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த றிச்சட் திரெவிதிக்கும் றொபேட் டிக்கின்சனும் இரும்புத் தொட்டிக்குக் காப்புரிமை பெற்றனர். பின்னர்ப் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களில் பீப்பாயின் இடத்தை இரும்புத் தொட்டி படிப்படியாகப் பிடித்தது. இரும்பை உருக்குவதற்குச் செலவாகும் எரிபொருள் மிகுதியே. எனினும் ஒரு தொட்டி ஆண்டுக்கணக்கில் உழைத்தது. முதலில் ஆகும் செலவையும் எத்தனை காலம் உழைக்கும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதை அம்மாற்றம் காட்டிற்று.

கரையில் வாழ்ந்த மக்களின் கலங்களும் இவ்வொழுங்கிற்கு உட்பட்டவையே. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. கிணறே உயிர். துலாவின் நுனியிற் கட்டிய பனையோலைப் பட்டை ஆழத்திலிருந்து நீரை ஏந்தி வந்தது. பட்டை நைந்துபோனால் மண்ணோடு மண்ணாகும். அடுத்ததைப் பின்னுவதற்குப் பனை வேலியோரத்திலேயே நின்றது. குடிநீர் மண்குடத்திற் குளிர்ந்தது. மண்ணின் நுண்துளைகளிற் கசியும் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை ஈர்த்துச் செல்வதால் உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. அக்குளிர்ச்சிக்கு வேறு எரிபொருள் வேண்டுவதில்லை. வீட்டுச் செம்பும் பித்தளைக் குடமும் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றன. அவற்றின் கழுத்திற் பெயர் வெட்டுவது வழக்கம். தேய்ந்த பாத்திரம் கன்னாரிடம் சென்று புதிய பாத்திரமாய்த் திரும்பியது. ஒரு முறை மட்டும் பயன்பட்டு எறியப்படும் கலம் அக்காலத்திலும் இருந்தது. பனையோலையை மடித்துக் கோலிய பிளாவே அது. அது மக்குவதற்குச் சில மாதங்களே போதும்.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் ஆவணித் திருவிழா நடைபெறும் காலத்தில் வெயிலில் நடந்து வரும் அடியார்க்குத் தண்ணீர்ப் பந்தல் அமைத்து நீரும் மோரும் வார்ப்பது பழைய அறமாகும். பந்தலில் நூற்றுக்கணக்கானோர் தாகம் தீர்ப்பர். அங்கு வேண்டியவை சில பானைகளும், கழுவிக் கழுவி வழங்கும் சில செம்புகளுமே. குடித்தவர் சென்றபின் பாத்திரம் பந்தலிலேயே நிற்கும்.

நிற்க. பழைய கலங்கள் யாவும் கேடற்றவை என்று கூறிவிட முடியாது. மண்குடத்தைச் சுடுவதற்கு விறகு வேண்டும். அது எளிதில் உடையும். செம்பையும் பித்தளையையும் ஆக்குவதற்குச் சுரங்கமும் உலையும் வேண்டும். ஆனால் அக்கேடு ஆயிரக்கணக்கான முறை நீர் மொள்ளும் வாழ்நாளின்மேற் பரவுவதால் ஒவ்வொரு முறைக்கும் மிகச் சிறிதாகிறது.

கண்ணாடிப் போத்தலும் தொடக்கத்தில் இவ்வொழுங்கை மீறவில்லை. 1872ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹைரம் கொட் என்பவர் கழுத்திற் கோலிக்குண்டு அடைத்த சோடாப் போத்தலுக்குக் காப்புரிமை பெற்றார். இலங்கையிலும் இந்தியாவிலும் அப்போத்தல் நெடுங்காலம் பழக்கத்தில் இருந்தது. சோடா குடித்தவர் போத்தலைக் கடையிலேயே வைத்துச் செல்வர். வீட்டிற்குக் கொண்டுசெல்ல விரும்பினால் முற்பணம் கட்டவேண்டும். வெறும்போத்தல் மீண்டும் தொழிற்சாலைக்குச் சென்று கழுவப்பட்டு நிரம்பியது. நாலு கலன் கொள்ளும் மண்ணெண்ணெய்த் தகரமும், எண்ணெய் தீர்ந்தபின் பிடி பொருத்தப்பட்டு நீர் சுமக்கும் வாளியாயிற்று. எறிய வேண்டிய பொருளைக்கூடத் திரும்ப அழைத்துக்கொண்ட காலம் அது.

இந்நிலை மாறிய வரலாறு நீண்டதன்று. 1965ஆம் ஆண்டில் பம்பாயில் ‘பிஸ்லெரி’ நீர் விற்பனைக்கு வந்தபோது அது கண்ணாடிப் போத்தலிலேயே வந்தது. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டியூபொன்ற் நிறுவனத்தின் பொறியியலாளர் நதானியல் வையத், பெற் எனப்படும் பிளாஸ்டிக்கிற் போத்தல் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெற்றோலிய எண்ணெயிலிருந்து உண்டாகும் அப்பொருள் தெளிவானது, உடையாதது, மிக இலேசானது. ஒரு லீற்றர் நீர் கொள்ளும் பெற் போத்தல் ஏறத்தாழ 30 கிராம் நிறையுடையது. அதே அளவு கண்ணாடிப் போத்தல் அரைக் கிலோகிராம் வரை நிறுக்கும். திருப்பியனுப்புவதற்குக் கூலி கொடுப்பதிலும் புதிதாய் ஒன்றைச் செய்வது மலிவாயிற்று. நீர்ப் பாத்திரம் எறிவதற்கென்றே செய்யப்பட்டது.

எக்கலம் நன்று என்னும் வினாவை எண்களால் ஆராயும் முயற்சியும் இதே காலத்தில் எழுந்தது. 1969ஆம் ஆண்டில் கொக்கா-கோலா நிறுவனம், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் ஆகிய கலங்களின் மூலப்பொருள், எரிபொருள், கழிவு ஆகியவற்றை ஒப்பிட்டுக் கணக்கிடும்படி அமெரிக்காவின் நடுமேற்கு ஆராய்ச்சி நிறுவகத்தைப் பணித்தது. ஒரு பொருள் பிறப்பது முதல் மண்ணிற் சேர்வது வரையுள்ள கேட்டைக் கணக்கிடும் ‘வாழ்வட்ட மதிப்பீடு’ என்னும் துறைக்கு இதுவே முன்னோடி என்பர். 1974ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் ஒன்பது வகைப் பானக் கலங்களை ஒப்பிட்ட அறிக்கையை வெளியிட்டது. பத்து முறை திரும்பி வரும் கண்ணாடிப் போத்தல், ஒருமுறை மட்டும் பயன்படும் கலங்களைவிடக் குறைந்த கேட்டையே விளைவிப்பதாக அவ்வறிக்கை காட்டிற்று. அது பியரும் மென்பானமும் பற்றியது; ஆயினும் அதன் நெறி நீருக்கும் பொருந்தும்.

அந்நெறியைக் கொண்டு கலங்களை ஒவ்வொன்றாய் எடைபோடலாம். கண்ணாடியை உருக்குவதற்கு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதன் பாரம் லொறியின் எரிபொருளையும் மிகுதியாக்கும். ஆகவே ஒரு முறை குடித்துவிட்டு எறியும் கண்ணாடிப் போத்தல் பிளாஸ்டிக்கினும் கேடானது. 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சவுதாம்ரன் பல்கலைக்கழக ஆய்வாளரும் இம்முடிவையே வெளியிட்டனர். கண்ணாடி என்றாலே தூய்மை என்று கருதுவோர்க்கு இது வியப்பாயிருக்கும். அதே போத்தல் இருபது முறை திரும்பி வந்தால் தீர்ப்பு மாறிவிடும். அப்போதும் நெடுந்தூரம் சென்று வரக்கூடாது. கழுவுவதற்கு நீர் மிகுதியாகச் செலவாகக்கூடாது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அத்தூரம் பாரமான வெறும்போத்தல்களை ஏற்றி இறக்குவதிற் பயனில்லை. நீரை நிரப்பும் இடம் அருகே இருந்தாலன்றிக் கண்ணாடியின் மேன்மை நிலைக்காது.

அலுமினியத்தின் கதையும் இத்தகையதே. பொக்சைற்றுக் கனியத்திலிருந்து ஒரு கிலோகிராம் அலுமினியத்தைப் பிரிப்பதற்கு 14 அல்லது 15 கிலோவாற்று மணி மின்சாரம் செலவாகிறது. பழைய அலுமினியத்தை உருக்கி எடுத்தால் அதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே போதும். திரும்பி வரும் தகரக் குவளை சிக்கனமானது. குப்பைமேட்டிற்குச் செல்லும் குவளை பெருஞ்செலவு. பெற் போத்தலோ இலேசானது. செய்வதற்கும் ஏற்றுவதற்கும் குறைந்த எரிபொருளே வேண்டும். அதன் கேடு குடித்து முடித்தபின் வெளிப்படுகிறது. அது மக்குவதில்லை, வெயிலிலும் உராய்விலும் நுண்துகளாய் உதிர்கிறது. முற்றத்தில் வைத்து எரித்தால் நச்சுப் புகையை எழுப்புகிறது. 19 லீற்றர் கொள்ளும் பெரிய பிளாஸ்டிக் கலமோ, கடைக்குத் திரும்பிச் சென்று பலமுறை நிரம்புவதால் சிறு போத்தலினும் மேலானது. ஒரே இனப் பொருளாற் செய்த இரு கலங்களின் தீர்ப்பு வேறுபடுவதற்கு அவை திரும்புவதும் திரும்பாததுமே பெருங்காரணம்.

குழாய் நீரையும் போத்தல் நீரையும் ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் பெரிதாகும். 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பசிபிக் நிறுவகத்தைச் சேர்ந்த பீற்றர் கிளைக்கும் ஹெதர் கூலியும் கலிபோர்னியாவில் விற்கப்படும் போத்தல் நீரை ஆராய்ந்தனர். ஒரு லீற்றருக்கு 5.6 முதல் 10.2 மெகாயூல் வரை சக்தி செலவாகிறது என்றும், அது குழாய் நீருக்கு ஆவதினும் 2,000 மடங்கு வரை ஆகலாம் என்றும் அவர்கள் கணக்கிட்டனர். 2021இல் பார்சலோனா நகரை ஆராய்ந்தோர் வேறொரு கணக்கை வெளியிட்டனர். நகரத்தார் அனைவரும் போத்தல் நீருக்கு மாறினால், அனைவரும் குழாய் நீர் குடிப்பதனால் உண்டாவதினும் 1,400 மடங்கு கேடு உயிர்ச்சூழலுக்கு விளையும் என்பது அது.

இத்துணைக் கேடு உண்டென்றால் மக்கள் ஏன் போத்தலை நாடினர்? இவ்வினாவுக்கு விடை கூறாது மக்களைப் பழிப்பது அறமன்று. குடாநாட்டின் நன்னீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கியிருக்கிறது. அது பாரமான உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய வில்லை போன்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம் நன்னீர் தங்கும் என்பது நெதர்லாந்தின் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பேர்க்கும் கண்ட விதி. மேலே ஓர் அடி குறைந்தால் கீழேயுள்ள வில்லை நாற்பது அடி மெலியும். ஆகவே அளவுக்கு மீறி இறைக்கும்போது கரையோரக் கிணறுகள் உவர்க்கத் தொடங்குகின்றன. சுண்ணாம்புக் கல் நீரை விரைவில் உள்வாங்குவதுபோல அழுக்கையும் விரைவில் உள்வாங்கும். தோட்டத்து உரமும் மலக்குழிக் கசிவும் கிணற்று நீரில் நைத்திரேற்றாய்ச் சேர்வதை 1980களின் தொடக்கத்திலிருந்தே ஆய்வாளர் எடுத்துக்காட்டி வந்துள்ளனர். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்றுக் காய்ச்சுவதாற் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பவுசர்களில் நீர் வழங்க வேண்டியதாயிற்று. 2019இல் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியில் அவ்வழக்கிற்குத் தீர்ப்பளித்தது. தன் கிணற்றை நம்ப முடியாத தாய், பிள்ளைக்குப் போத்தல் நீரை வாங்கிக் கொடுப்பதிற் குற்றம் காண்பார் யார்?

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது வடமராட்சிக் கரையோரமும் அடிபட்டது. கடல்நீர் புகுந்த கிணறுகள் குடிக்க உதவாமற் போயின. அத்தகைய நாளில் மூடி முத்திரையிட்ட போத்தல் உயிர்காக்கும் கருவியாகும். அதன் தகுதியை மறுப்பதற்கில்லை. இடருக்கென்று வைத்த கலம் அன்றாடக் கலமாய் மாறியதே துன்பம்.

அவ்வன்றாடக் கலம் சென்று சேரும் இடங்களுள் ஒன்று கடல். பெற் பிளாஸ்டிக் கடல்நீரினும் அடர்ந்தது. ஆகவே போத்தல் நீர் புகுந்தபின் அடியில் ஆழும். அதன் மூடியோ வேறு வகைப் பிளாஸ்டிக். அது மிதந்து கரைதோறும் ஒதுங்கும். ஒரே போத்தல் மேற்பரப்பையும் அடித்தளத்தையும் ஒருங்கே கெடுக்கிறது. 2021 மே மாதம் 20ஆம் நாள் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கப்பல் தீப்பற்றி, ஜூன் 2ஆம் நாள் ஆழத் தொடங்கியது. அதிலிருந்த பொருள்களுள் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் அடங்கும். கலமாய் உருப்பெறுமுன்னரே பிளாஸ்டிக் கடலைக் கெடுக்கும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. மீன்பிடிக்கும் ஊர்களுக்கு இது புத்தகத்திற் படிக்கும் செய்தியன்று. வலையில் ஏறும் செய்தி.

சட்டத்தின் துணையும் நாடப்பட்டது. இலங்கை அரசு 2017 செப்டெம்பரில் மெல்லிய பொலித்தீனையும் உணவு சுற்றும் தாளையும் தடுத்தது. 2021 மார்ச் இறுதியிற் சிறு பொதியுறைகள் முதலியவற்றைத் தடுத்தது. குடிநீர்ப் போத்தல் இவ்விரு தடைகளிலும் அடங்கவில்லை. தமிழகத்தின் நீலகிரி மாவட்டமோ 2019இற் குடிநீர்ப் பிளாஸ்டிக் போத்தல்களையே தடுத்தது. தடுத்ததோடு நில்லாமல், வழிநெடுகத் தானியங்கிக் குடிநீர் வழங்கிகளையும் அமைத்தது. தாகத்துக்கு மாற்று வழி காட்டாத தடை நிலைப்பது அரிது. தண்ணீர்ப் பந்தலின் அறமே அங்கு இயந்திர வடிவில் திரும்பியது எனலாம்.

வடமராட்சி கிழக்கிலும் புதிய முயற்சி ஒன்று தோன்றியுள்ளது. தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்ட் 2ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. இதுவும் செலவற்றதன்று. கடல்நீரைச் சவ்வினூடாக அழுத்தி உப்பைப் பிரிப்பதற்குக் கனமீற்றருக்கு 3 அல்லது 4 கிலோவாற்று மணி மின்சாரம் செலவாவது உலக வழக்கம். செறிந்த உப்புநீரையும் கடலிற் கவனமாய் விடவேண்டும். எனினும் ஒரு கனமீற்றர் என்பது 1,000 லீற்றர். கலிபோர்னியாவின் கணக்கோடு ஒப்பிட்டால், ஒரு லீற்றர் நீரைப் போத்தலில் அடைத்து விற்பதற்கு ஆகும் சக்தி, அதே அளவு கடல்நீரை நன்னீராக்குவதற்கு ஆவதினும் முந்நூறு மடங்குக்கு மேற்பட்டது. கடலிலிருந்து உப்பைப் பிரிப்பதினும் போத்தலைப் பிறப்பித்து ஊர்வலம் விடுவது கடினமான காரியம்!

குழாய் வந்தபின்னும் கிணறு காக்கப்படவேண்டும். மழை பெய்யும் மூன்று மாதங்களிற் குளங்களும் கேணிகளும் வாங்கும் நீரே நிலத்தடி வில்லையை நிரப்புகிறது. உரத்தை அளந்து இடுவதும், மலக்குழியைக் கிணற்றிலிருந்து தூர அமைப்பதும், குளத்தைத் தூர்வாருவதும் போத்தலின் தேவையைக் குறைக்கும் வேலைகள். கிணறே குடாநாட்டின் மிகப் பெரிய குடிநீர்க் கலம். ஒவ்வொரு மாரியிலும் அது தானாகவே நிரம்புகிறது. கேடுற்றால் அதற்கு ஈடாக வேறொன்றை வாங்க இயலாது.

கப்பலோட்டிய வல்வெட்டித்துறையின் பழைய மாலுமிகள் வாழ்வட்ட மதிப்பீடு என்னும் பெயரைக் கேட்டதில்லை. ஆயினும் எந்தக் கலத்தையும் கையில் எடுக்குமுன் கேட்கத் தக்க வினாவை அவர்களின் தொழில் விட்டுச் சென்றிருக்கிறது. இது எங்கிருந்து வந்தது? எத்தனை முறை நிரம்பும்? வெறுமையானபின் எங்கே போகும்? மண்குடமும் எவர்சில்வர்ச் செம்பும் வீட்டுக் கிணற்றடியிலேயே இவ்வினாக்களுக்கு விடை கூறும். கடைப் போத்தலின் விடை பெரும்பாலும் கடலிலும் குப்பைமேட்டிலும் கிடக்கிறது. துறையைவிட்டுப் புறப்பட்ட கப்பல் திரும்பி வரவேண்டும் என்று ஊர் முழுதும் வேண்டிக்கொண்ட காலம் உண்டு. நீர் சுமந்து சென்ற கலமும் திரும்பி வரவேண்டும்.